வேலை செய்யும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும்

ரேடியோ பழுது பார்த்தே ஆயுளில் முக்கால்வாசி போன ஆள் நான். 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப் காயிலைத் திருக இரும்பு ஸ்க்ரூடிரைவரைத் தொடவே விடமாட்டார் எங்கள் கடை முதலாளி. பிளாஸ்டிக் குச்சிதான். "இரும்பு கிட்ட வந்தாலே காயிலோட குணம் மாறிடும்டா" என்பார். அந்த வயதில் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேனே தவிர, அதன் அருமை பின்னால்தான் விளங்கியது.

பக்கத்து வீட்டுப் பாலிடெக்னிக் பையன், வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றும் ரிசீவர் ஒன்றைச் செய்து எடுத்து வந்தான். "கணக்கெல்லாம் சரியா இருக்கு தாத்தா. ஆனா லோடு கொடுத்தா வோல்டேஜ் இறங்கிடுது."

வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றும் கியூஐ (Qi) முறையில், ரிசீவர் காயிலும் அதோடு தொடராக வரும் கெப்பாசிட்டரும் 100 கிலோஹெர்ட்ஸில் ஒத்திசைய வேண்டும். அவன் காயிலை மேசைமேல் தனியாக வைத்து அளந்திருந்தான்: 11 மைக்ரோஹென்றி. அதற்கேற்ப 230 நானோஃபாரட் போட்டிருந்தான். பெருக்கல், வகுத்தலில் பிழையே இல்லை.

"சார்ஜர் மேல வெச்சு அளந்தியா?" என்று கேட்டேன். சார்ஜரை அணைத்துவிட்டு, அதன்மேல் வைத்து அளந்தோம். 15 காட்டியது. சார்ஜருக்குள் இருக்கும் ஃபெரைட் தகட்டின் வேலை அது, முதலாளி சொன்ன இரும்பு மாதிரிதான். அதனால் ஒத்திசைவு 86 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தது. தேவைப்பட்டது சுமார் 169 நானோஃபாரட். 100, 68 இரண்டையும் இணையாகப் போடச் சொன்னேன். மின்னோட்டத்தைப் பகிர்ந்துகொள்வதால் சூடும் குறையும். கெப்பாசிட்டரில் எக்ஸ்7ஆர் வகையில் வோல்டேஜுக்கும் சூட்டுக்கும் தக்கபடி அளவு மாறும். சி0ஜி வகை கிட்டத்தட்ட அசையாது. விலை கூடுதல்தான், ஆனாலும் இந்த இடத்துக்கு அதுதான் சரி.

"அப்போ நான் அளந்தது வேஸ்டா தாத்தா?" என்றான். இல்லவே இல்லை. ரிசீவர் வந்திருப்பதைச் சார்ஜர் கண்டுகொள்ள உதவும் இன்னொரு சின்னக் கெப்பாசிட்டர் உண்டு. அது 1 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசைய வேண்டும். அதற்குத் தனியாக அளந்த அந்த 11தான் கணக்கு, 2.3 நானோஃபாரட் பக்கத்தில் வரும். பையன் முகம் மலர்ந்துவிட்டது.

கவனமாக எடுத்த அளவு எதுவும் வீண்போவதில்லை. அது எந்த இடத்துக்கு உரியது என்று தெரிந்தால் போதும். பிள்ளைகள் ஓடாத ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், கணக்கு தப்பு என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். எங்கே வைத்து அளந்தாய் என்று பொறுமையாகக் கேளுங்கள். மீதியை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.