மாப்ள... செகண்டு கியர்!

கூனிமேட்டில் 'மேடு' என்பது பெயரோடு சரி. மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி பக்கம் வந்தால் இடது கைப் பக்கம் கடல், வலது கைப் பக்கம் கழுவெளி, நடுவில் தோசைக்கல் மாதிரி தட்டையாக ஊர். உப்பளத்துக்குத் தரை மட்டமாக இருந்தால்தான் பிழைப்பு. அந்தப் பக்கத்து டிரைவர்கள் தினசரி ஏறுகிற அதிகபட்ச ஏற்றம் வேகத்தடை.

அங்கே பிறந்து வளர்ந்த என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, ஒரு வீட்டைக் கொக்கியில் மாட்டி ஏற்காடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போகக் கிளம்பினான். துணைக்கு நான். கூடவே என் மனைவியின் நாலு வளையல்கள். வளையல்கள் நேரில் வரவில்லை. என் சட்டைப் பையில் அடகுச் சீட்டாக வந்தன.

மச்சானிடம் ஒரு டீசல் பிக்கப் உண்டு. மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றி திண்டிவனம், விழுப்புரம் என்று கொண்டுபோய்ப் போடுவான். தை, மாசியில் பாத்தி மிதிக்க ஆரம்பித்தால் வெயில் இருக்கிற வரை உப்பு. ஐப்பசி மழை இறங்கியதும் பாத்தியெல்லாம் குளம். உப்பு இல்லை, லோடு இல்லை. வண்டித் தவணை மட்டும் மழை விடுமுறை எடுப்பதில்லை.

அந்த மூன்று மாதத்தை எப்படி ஓட்டுவது என்று யோசித்தவன், செல்போனில் அமெரிக்க வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தான். கேரவன் என்றதும் நமக்கு, ஷூட்டிங் இடைவேளையில் கதாநாயகி போய் உட்காரும் ஏஸி வண்டிதான் ஞாபகம் வரும். அது இல்லை. அங்கே குடும்பஸ்தர்கள் இன்ஜின் இல்லாத சக்கர வீட்டை பிக்கப்பின் வாலில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறார்கள். கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை என்று ஒன்று, கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 11,000 அடி உயரத்தில் இருக்கிறது. புது பிக்கப் எது வந்தாலும் பின்னால் பாரத்தைக் கட்டி அந்த ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து மார்க் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறும்போது எத்தனை நிமிஷம் என்று கணக்கு. இறங்கும்போது எத்தனை தடவை பிரேக் மிதித்தான் என்று கணக்கு.

மச்சான் முதல் பாதியை மட்டும் பார்த்திருந்தான். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பழைய ட்ரெய்லர் ஒன்று விலைக்கு வந்தது. இரண்டே சக்கரம். உள்ளே இரண்டு கட்டில், ஒரு மேடை, ஒரு ஜன்னல். ஏற்காட்டில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் இடம் தருவதாகவும், அதில் வீட்டை நிறுத்தி நாள் வாடகைக்கு விட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார்.

"மாமா, நீங்க பி.காம். நீங்களே ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றான்.

போட்டேன் சார். தேய்மானம், வட்டி, சீசன், சீசன் இல்லாத மாதம், ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வாங்கும் செலவு எல்லாம் போட்டு, பதினாலு மாதத்தில் போட்ட முதல் திரும்பும் என்று கையெழுத்து வைக்காத குறையாகச் சொன்னேன். அதை நம்பித்தான் என் மனைவி வளையல்களைக் கழற்றினாள். அந்தக் கணக்கில் இல்லாத ஒரே பத்தி, வண்டியின் எடை. பாரம் எவ்வளவு என்று எந்தப் பேரேட்டிலும் எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லையே!

ஒரு டிசம்பர் கடைசியில், விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். மரக்காணம் தாண்டித் திண்டிவனம் வருவதற்குள் ட்ரெய்லர் ஒரு மாதிரி இடுப்பை ஆட்ட ஆரம்பித்தது. நாற்பதைத் தாண்டினால் ஆட்டம், குறைத்தால் அமைதி. "காத்து மாமா, கடல் காத்து" என்றான். உளுந்தூர்பேட்டை தாண்டியும் ஆடியது. கள்ளக்குறிச்சியில் ஏது கடல் காற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வழியில் அவனுக்கு ஒரு விஷயம் சொன்னேன். பி.காம்.காரனுக்கு சங்க இலக்கியம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பகுதி ஒன்று தமிழ்த் தாளை ஒரே தடவையில் பாஸ் செய்தவர்கள் மறந்திருப்பார்கள். நான் இரண்டு தடவை எழுதினேன்.

சக்கர வீடு அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததே இல்லை. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு கொண்டுபோன உமணர்கள் குடும்பத்தோடுதான் வண்டி கட்டினார்கள். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த வண்டியைச் சொல்கிறார். மேலே கூரை, கோழி அடைகிற கூடு, வண்டியில் கட்டித் தொங்கும் பானை, கைக்குழந்தையோடு மாட்டை ஓட்டுகிற மனைவி. புறநானூற்றில் 102-ஆம் பாட்டில் ஒளவையார் இன்னொன்று சொல்கிறார். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யாருக்குத் தெரியும் என்று உமணர்கள் வண்டிக்கு அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். நம் பாஷையில் ஸ்பேர் ஆக்ஸில். சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதையும் சேர்த்துக்கொண்டால், மச்சானுடைய முப்பாட்டனுக்கு முப்பாட்டன் இதே வேலையைச் செய்திருக்கலாம்.

"ஸ்டெப்னி இருக்கு மாமா" என்றான் மச்சான். அவ்வளவுதான் ரசனை.

சேலம் அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஏற ஆரம்பித்தோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவு. ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே. நடுவே இருபது கொண்டை ஊசி வளைவுகள். மச்சான் மூன்றாவது கியரிலேயே நின்றான். "டார்க் இருக்கு மாமா, இழுக்கும்." இழுக்கத்தான் செய்தது. ஆனால் கிழட்டு மாடு மாதிரி முக்கி முக்கி இழுத்தது. நாலாவது வளைவில் டெம்பரேச்சர் முள் நகர ஆரம்பித்தது. ஆறாவதில் ஏஸியை அணைத்தோம். ஏழாவதில், எங்கோ படித்த ஞாபகத்தில், ஹீட்டரை முழுசாகப் போடச் சொன்னேன். இன்ஜின் சூட்டில் கொஞ்சம் கேபினுக்குள் வந்துவிடுமாம். வந்தது. மார்கழிக் குளிரில் இரண்டு பேரும் பனியன் நனைய உட்கார்ந்திருந்தோம். எட்டாவது வளைவில் பின்சக்கரம் வழுக்கி, கிளட்ச் தீய்ந்த வாசனை வந்து, முள் சிவப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

இறங்கி ஓடினேன். சக்கரத்துக்கு அடியில் வைக்கக் கல் தேடினேன். மலையில் கல்லுக்கா பஞ்சம்? தேவைப்படும்போது பஞ்சம்தான். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மச்சான் "சீக்கிரம் மாமா" என்று கத்துகிறான். பின்னால் ட்ரெய்லர் ஒரு சாண் பின்வாங்கி நின்றது. அந்த ஒரு சாணில் நான் நாலு வளையலையும் பார்த்துவிட்டேன்.

மேலேயிருந்து மரம் ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் வயசான மனிதர். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப்போன மச்சானின் கையைத் தட்டிவிட்டார். "வெந்துபோவ தம்பி. இன்ஜின் சும்மா ஓடட்டும், தானா ஆறும்" என்றார். பிறகு ட்ரெய்லரைச் சுற்றி வந்தார். கொக்கியைப் பார்த்தார். பின்பக்கக் கதவைத் திறந்தார்.

"என்னப்பா இது, கடலையே ஏத்திட்டு வர்றீங்களா?"

உள்ளே பன்னிரண்டு மூட்டை உப்பு. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. இறக்குவதற்குத் தோதாக, கதவை ஒட்டி, கடைசியில்.

மச்சான் தலையைச் சொறிந்தான். "காலியா போறதுக்கு... மலையில மாட்டுக்கு உப்பு கேப்பாங்கன்னு சொன்னாங்க மாமா. உங்க கணக்குல டீசல் காசு துண்டு விழுந்துச்சில்ல, அதுக்குத்தான்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துண்டு விழுந்தது என் கணக்கில்.

டிரைவர் பெரியவர் கையால் ஜாடை காட்டி விளக்கினார். இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒரு சீஸா. முன்பக்கம் கனமாக இருந்து, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பின்பக்கம் கனத்தால் கொக்கியை மேலே தூக்கும். தூக்கினால் பிக்கப்பின் பின்சக்கரத்துக்குத் தரையில் பிடிப்புக் குறையும். வழுக்கும், ஆடும். கடல் காற்று என்ன செய்யும், பாவம்!

வளைவுக்குச் சற்று மேலே ஒரு அம்மா டீக்கடை வைத்திருந்தார். பத்து மூட்டையை அங்கே சுமந்துபோய் அடுக்கினோம். எனக்கு நாலு மூட்டைதான் முடிந்தது. "எப்பங்க தம்பி வந்து எடுப்பீங்க?" என்றார். நாளைக்கு என்றோம். மீதி இரண்டு மூட்டையைக் கொக்கிப் பக்கம் முன்னால் போட்டோம். முள் இறங்கியதும் இரண்டாவது கியரில், இன்ஜினை உயரச் சுற்றவிட்டு ஏறினோம். இருபதாவது வளைவு வரை ஆடவுமில்லை, கொதிக்கவுமில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

இடம் தருவதாகச் சொன்னவர் நல்ல மனிதர்தான். இடமும் அழகுதான். ஆனால் ரோட்டிலிருந்து சறுக்குமரம் மாதிரி ஒரு மண் பாதையில் கீழே இறங்கவேண்டும். இறக்கிவிடலாம். மழை பெய்து சேறானால் திரும்ப மேலே கொண்டுவர முடியாது.

"இறக்கிட்டா வாடகை வர ஆரம்பிச்சிடும் மாமா. ஏத்துறதை அப்புறம் பாத்துக்கலாம்."

வேண்டாம் என்றேன். அவன் கெஞ்சினான். திரும்பவும் வேண்டாம் என்றேன். பதினாலு மாதம் என்று சொன்னதும் நானே, வேண்டாம் என்றதும் நானே. அன்று ராத்திரி ட்ரெய்லருக்குள் ஆளுக்கு ஒரு கட்டிலில் படுத்திருந்தோம். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் தங்கிய முதல் விருந்தாளிகள் நாங்கள்தான். வாடகை தரவில்லை.

தூக்கம் வராமல் செல்போனில் கணக்குப் போட்டேன். முந்தின நாள் நாங்கள் ஏற ஆரம்பித்தபோது வண்டி, வீடு, உப்பு, நாங்கள் இரண்டு பேர் எல்லாம் சேர்த்து மூன்றரை டன் என்று வையுங்கள். அதை 1,200 மீட்டர் உயரம் தூக்குவதற்கு மட்டும் மூன்றரை லிட்டர் டீசல் ஆகும். அதை இன்ஜின் கொடுத்துவிடும். இறங்கும்போது? ஏற்றிவைத்த அத்தனையும் எங்கேயாவது சூடாக வெளியே போயாக வேண்டும். மூன்றரை டன்னும் அப்படியே இறங்கினால், சுமார் 140 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற சூடு. உப்பு குறைந்ததில் அதில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொண்டதுபோக மீதியெல்லாம் நாலு சக்கர பிரேக்கின் தலையில். ட்ரெய்லருக்குத் தனியாக பிரேக் கிடையாது. அது சும்மா பின்னால் இருந்து தள்ளும். அமெரிக்க மலைச்சாலைகளில், பிரேக் போன லாரிகள் ஏறிப் புதைந்து நிற்பதற்கென்றே ஜல்லி கொட்டிய தனிப்பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். ஏற்காடு ரோட்டில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் சேலம்.

காலையில் மச்சான் பேசாமல் வண்டியை எடுத்தான். முதல் இறக்கத்திலேயே அவன் கை கியருக்குப் போனது. எனக்குத் தெரியும். உப்பு லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்பும்போதெல்லாம் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவன். அவன் அப்பா டிராக்டரில் செய்தது, அவன் பிக்கப்பில் செய்கிறான். போட்டும் விட்டான். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு முதுகில் யாரோ கையை வைத்துத் தள்ளுகிற மாதிரி ட்ரெய்லர் தள்ளியது.

"மாப்ள... செகண்டு கியர்!"

நான் கத்திய கத்தலில் ரோட்டோரக் குரங்குகள் மரமேறின. அவன் பிரேக்கை மிதித்தான். இறங்கியது வேகம். கியரைத் திணித்தான். இன்ஜின் அலறியது. அந்த அலறல் போல் இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. அதற்குள்ளேயே சக்கரத்திலிருந்து ரப்பர் தீய்ந்த மாதிரி வாசனை. ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றோம். அப்போதுதான் அவனிடம் சொன்னேன். இப்போதைய டீசல் இன்ஜினில் கியர் போட்டபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் சும்மா ஓடுவதற்குக் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒருவன் இன்ஜினையே அணைத்துவிட்டால், இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும்.

"இதை முன்னாடியே ஏன் சொல்லல?" என்றான்.

"தட்டை ஊர்ல இதுக்கு என்னடா அவசியம்?"

முந்தின நாள் சாயங்காலத்துக்கு அப்புறம் அவன் சிரித்தது அப்போதுதான்.

மீதி வளைவுகளை, ஏறிய அதே இரண்டாவது கியரில், இன்ஜினைப் பிடித்துக்கொண்டே இறங்கினோம். பின்னால் கார்க்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டோம். டீக்கடை அம்மா மூன்று மூட்டையை விற்று வைத்திருந்தார். மேலேயுள்ள கிராமத்துக்காரர்கள் மாட்டுக்கென்று வாங்கிப் போனார்களாம். காசை எண்ணிக் கொடுத்தார். "மிச்சம் ஏழும் இங்கயே கெடக்கட்டும், நானே விக்கறேன். அடுத்த தடவை எப்பங்க தம்பி?" என்றார். மச்சான் என்னைப் பார்த்தான். நான் சேலம் பக்கம் பார்த்தேன்.

இப்போது அந்த வீடு கூனிமேட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் நிற்கிறது. சக்கரத்துக்கு நாலு பக்கமும் கல். ஜன்னலில் இட்லி, வடை, மீன் குழம்பு. புதுச்சேரிக்குப் போகிற சென்னைக் கார்கள் நிற்கின்றன. என் மாமியார் அடியில் கோழி வளர்க்கிறார். உப்புக்கு பிக்கப், மழைக்கு இட்லி என்று தவணை எப்படியோ கட்டிவிடுகிறான். பதினாலு மாதம் என்று நான் சொன்னது போய் இருபத்தாறு மாதம் ஆகிறது. வளையல் நாலில் இரண்டு மீண்டு வந்துவிட்டன. மீதி இரண்டைப் பற்றி என் மனைவி எப்போதாவது கேட்பாள், நான் வரவு செலவு நோட்டை எடுத்து விரிக்கும்போது மட்டும்.