கொல்லிமலைக்கு எந்த இன்ஜின்?

செகண்ட் ஹேண்ட் டீசல் எர்டிகா தேடினப்போ ரெண்டு வகை வந்துச்சு: 1248 சிசி, 1498 சிசி. டார்க் 200 நியூட்டன் மீட்டர், 225. பேப்பர்ல பெரிய வித்தியாசம் இல்லை. "மைலேஜ் வரும், சின்னதையே எடுடா"ன்னார் அப்பா.

எங்க குலதெய்வம் கொல்லிமலை எட்டுக்கை அம்மன். 70 கொண்டை ஊசி வளைவு. ஏழு பேர், ஏசி, பொங்கப் பானை வேற. சின்ன டர்போ இன்ஜின் 2000 ஆர்பிஎம் பக்கம் வர்ற வரைக்கும் தூக்கக் கலக்கத்துலதான் இருக்கும். வளைவுல வேகம் விழுந்தா ஃபர்ஸ்ட் கியர்தான். (மாமா இறங்கி நடந்தா செகண்ட்.)

பெரிய இன்ஜின் 2019ல வந்துச்சு. 2020 ஏப்ரலோட மாருதி டீசலையே நிறுத்திடுச்சு. அதனால கிடைக்கிறதே அபூர்வம். நாலு மாசம் காத்திருந்து எடுத்தேன்.

தனியா ஆபீஸ் போய் வர்றவங்களுக்குச் சின்னதே தாராளம். மத்தவங்க, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி குடும்பத்தை ஏத்திக்கிட்டு ஒரு மேடு ஏறிப் பாருங்க.