நெட் ரேட் என்ன, அண்ணாச்சி?

சிவகாசிப் பட்டாசு விலைப் பட்டியல் கைக்கு வந்தால் நான் கடைசியாகப் பார்ப்பது தள்ளுபடி சதவீதத்தைத்தான். ஒரு பட்டியலில் 15 செ.மீ. கம்பி மத்தாப்பு 300 ரூபாய், 90 சதவீதம் தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இன்னொன்றில் அதே மத்தாப்பு 100 ரூபாய், தள்ளுபடி 70 சதவீதம்தான். கணக்குப் போட்டால் இரண்டுக்குமே நெட் ரேட், அதாவது தள்ளுபடி போகக் கொடுக்க வேண்டிய விலை, 30 ரூபாய்! எங்கள் தெருவுக்கு மொத்தமாகப் பட்டாசு வாங்கும் பொறுப்பு பல வருடமாக என் தலையில். கடைக்குள் நுழைந்ததும் நான் கேட்பது ஒன்றே: "அண்ணாச்சி, நெட் ரேட் என்ன?" அதற்குப் பிறகு அவரும் தள்ளுபடிப் பேச்சை எடுப்பதில்லை.

அடுத்தது எண்ணிக்கை. சங்கு சக்கரத்தில் 10 உள்ள பெட்டியும் உண்டு, 25 உள்ள பெட்டியும் உண்டு. சின்ன மத்தாப்பு பெட்டிக்கு 10 வரும், 30 செ.மீ. என்றால் 5 தான். ஆகவே பெட்டி விலையை விட்டுவிட்டு ஒன்று என்ன விலை என்று பார்ப்பேன். கிஃப்ட் பாக்ஸ் பக்கம் நான் போவதே இல்லை. 30 ஐட்டம் என்பார்கள்; பாம்பு மாத்திரை, கலர் தீப்பெட்டி, குட்டிக் குட்டிப் பென்சில் என்று பாதி இடம் போய்விடும். அதே பணத்துக்குத் தனித்தனியாக எடுத்தால் பிள்ளைகள் உண்மையில் கொளுத்துகிற புஸ்வாணமும் சக்கரமும் கூடுதலாகக் கிடைக்கும். தயாரித்த மாதம், வருடம் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். போன வருடச் சரக்கு என்றால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். நமத்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

சரக்கு தெரிந்தவருக்கு மோசடியும் தெரியும் என்பது என் கட்சி. எங்கள் தெரு அக்கா ஒருவர், செல்போனில் வந்த ஒரு விளம்பரத்தை நம்பி முன்பணம் அனுப்பினார். பிறகு லாரி வாடகை என்று கொஞ்சம் கேட்டார்கள். அடுத்து ஜிஎஸ்டி. அதையும் கட்டியதும் அவர்களுடைய செல்போன் எண் அணைந்துவிட்டது. அக்கா என்னிடம் காட்டிய விளம்பரப் பக்கத்தில் எல்லாமே அப்பட்டமாக இருந்தது. "கூரியரில் வீட்டு வாசலுக்கே இலவச டெலிவரி" என்று போட்டிருந்தார்கள். வெடிபொருளை எந்தக் கூரியர்காரர் தொடுவார்? ரயிலிலும் கொண்டுபோகக் கூடாத சரக்கு அது. மேலே பெரிதாகப் பத்தாயிரம் வாலா சரவெடியின் படம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டது. இ-காமர்ஸ் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று சொன்னதும் அதே உத்தரவுதான். அதாவது, 'கார்ட்டில் சேர்' என்று ஒரு பொத்தானைக் காட்டி பட்டாசு விற்கிற தளம், நாணயமானதோ இல்லையோ, தடையை மீறித்தான் நிற்கிறது. விலையும் காட்டிக் கொடுத்தது. சிவகாசியிலேயே அடக்கமாகாத விலையில் லட்சுமி வெடி!

இன்னொரு இடத்திலும் நின்று பார்த்திருக்கலாம். யுபிஐயில் பணம் அனுப்பும் முன் எதிர்க் கணக்கின் பெயர் திரையில் வரும். 'டிரேடர்ஸ்' என்று பலகை வைத்தவர், யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பட்டாசு மட்டுமில்லை, பட்டுப்புடவைக்கும் பழைய பைக்குக்கும் இதே விதிதான். "பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்று இரண்டாவது வலையும் விரிப்பார்கள். பின் நம்பர் பணம் கொடுக்கத்தான். வாங்க அது தேவையே இல்லை.

சிவகாசி வரை போக முடியாதவர்கள் உரிமம் பெற்ற உள்ளூர்க் கடையில் வாங்குங்கள். நெட் ரேட் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்துப் பில்லும் வாங்கலாம். ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் புகார் போனால்தான் வங்கியில் அதை முடக்க வழி உண்டு.