சேர், நாங்க இதுல யாரு?

போன கிழமை இடைவேளை நேரம். தரம் 9 பிள்ளைகள் நாலு பேர் வாங்கைச் சுற்றி நின்று வாய்த்தர்க்கம். என்னவென்று கேட்டால், 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2'. ஒருவனின் நானா வீட்டுக் கணினியில் போட்டிருக்கிறாராம்.

"சேர், நாங்க இதுல திராவிடரா, சரசனா? தமிழ்தானே பேசுறம்?"

"இல்ல சேர், நாங்க முஸ்லிம். அப்ப சரசன்தானே?"

கல்வியியல் கல்லூரியில் எத்தனையோ படித்தோம். இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை.

நாங்களும் விளையாடிய ஆட்டம்தான். மூதூரில் கொம்பியூட்டர் சென்டரில் மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து விளையாடினோம். 1999இல் வந்த அந்த ஆட்டத்தில் இந்தியாவே இருக்கவில்லை. யோசிக்காமல் சரசனை எடுப்போம். 2006 ஓகஸ்டில் ஊரே இடம்பெயர்ந்து கந்தளாய்க்குப் போனபோது அதுவும் நின்றது. பிறகு திரையில் ஊர் எரிவதைப் பார்த்துச் சந்தோசப்பட எங்களால் முடியவில்லை.

2013இல் 'இந்தியர்' என்று ஒரே பெயரில் ஒரு நாகரிகத்தைச் சேர்த்தார்கள். முழு உபகண்டத்துக்கும் ஒரே சட்டை. 2022 ஏப்ரல் 28இல் வந்த 'டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா' அதைக் கலைத்துப் போட்டது. பழைய இந்தியர் ஹிந்துஸ்தானியர் ஆனார்கள். வங்காளர், குர்ஜரர், திராவிடர் புதிதாக வந்தார்கள். திராவிடரின் ஆட்கள் தமிழில் பேசுகிறார்கள். குதிரைப்படை பலவீனம், கடற்படை பலம். மீனவர்கள் மற்றவர்களை விடக் கூடுதலாகச் சுமப்பார்கள். தோணிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவர்களுடைய சந்தோசத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் திராவிடரின் நாயகன் ராஜேந்திர சோழன். 1017 அளவில் அவன் படை ஐந்தாம் மகிந்த மன்னனைச் சிறைபிடித்தது. மகிந்தன் சோழநாட்டிலேயே இறந்தான். "வென்டுட்டம்!" என்று எங்கள் பிள்ளை கத்துகிற அதே கதையைப் பக்கத்து ஊர்ச் சிங்களப் பிள்ளை தோல்வியாகப் படிக்கிறது. அந்த 2022 மாற்றத்திலும் இலங்கைக்கென்று ஒரு நாகரிகம் வரவில்லை. இந்தத் துறைமுகத்துக்கு வந்துபோன வியாபாரிகளுக்கும் தனிப்பெயர் இல்லை.

மறுநாள் அந்தப் பிள்ளைகளிடம் வெல்கம் விகாரையைப் பற்றிச் சொன்னோம். திருகோணமலை நகரிலிருந்து அதிக தூரமில்லை, பெரியகுளத்துக்கு அருகே. பௌத்த விகாரை. சோழர் காலத்தில் அதற்கு ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கவும் பசுக்களுமாகத் தமிழர் கொடுத்த தானங்கள் அங்கே தமிழில் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. படையெடுத்து வந்த அரசின் காலத்திலேயே இதுவும் நடந்தது.

"அப்ப சேர், அவங்க எந்தப் பக்கம்?"

இந்த முறை சொல்ல முடிந்தது. "ஆட்டம் தொடங்க முன்னம் ஒரு பக்கத்தைத்தான் தெரிவு செய்யலாம் மகன். அது ஆட்டத்துட சட்டம். ஊருக்கு அந்தச் சட்டம் இல்ல. தமிழ் எங்கட பாஷை, இஸ்லாம் எங்கட மார்க்கம், இந்தக் குடா எங்கட ஊர். ஒண்ட எடுக்க மற்றத விட வேணாம். ராஜாக்கள்ட வெற்றியத் தூக்கிச் சுமக்கவும் வேணாம்."

விளங்கியதோ தெரியாது. தலையாட்டினான்.

இருபது வருசத்துக்கு மேல் பழைய ஒரு விளையாட்டையே, "இந்தப் பெயர் பிழை, பிரித்துத் திருத்துவோம்" என்று செய்தவர்களே திருத்துகிறார்கள். நாங்கள் ஒருவரையொருவர் ஒரே பெயரில் அடைத்து வைத்திருப்பதை எப்போது திருத்தப் போகிறோம்?

பெற்றோரிடம் இரண்டு வேண்டுகோள். பிள்ளை விளையாடும்போது பத்து நிமிசம் பக்கத்தில் இருங்கள். "இதுல யாரு இல்ல?" என்று கேளுங்கள். அடுத்த தவணையில் பிள்ளைகளை வெல்கம் விகாரைக்குக் கூட்டிப்போக அதிபரிடம் கேட்டிருக்கிறோம். கடிதம் வீட்டுக்கு வரும்போது, "அங்க நமக்கென்ன வேலை" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அந்தக் கல்வெட்டை எங்கள் பிள்ளைகளும் எழுத்துக்கூட்டிப் பார்க்கட்டும்.