பால் கட்டும் புள்ளி

ஆறாம் படிவ இயற்பியலில் தப்பாமல் வரும் கணக்கு இது. இரண்டு நேர்மின்னூட்டங்கள், ஒன்று மற்றதைப்போல் நான்கு மடங்கு. நடுவே இன்னொரு நேர்மின்னூட்டத்தை எங்கே வைத்தால் இருபுறத் தள்ளலும் சமமாகும்? தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் விசை குறையும் என்று கூலும் 1785-இல் காட்டிவிட்டார். ஆகவே சின்னதிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில். மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் புள்ளியை நம்ப முடியாது. கோட்டின் வழியே நகர்ந்தால் திரும்பி வரும். பக்கவாட்டில் மயிரிழை விலகினாலும் ஓடியே போய்விடும். நிலையான மின்னூட்டங்களின் விசையால் மட்டும் எதையும் உறுதியாக நிறுத்த முடியாது என்பதை எர்ன்ஷாவின் 1842-ஆம் ஆண்டுக் கட்டுரை நிறுவியது.

பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயாவாம்) பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் கரும்பலகையில் தொடங்கியிருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. பால் ஸ்டோர் இருந்ததே!

ரப்பர் மரத்திலிருந்து மங்கில் சொட்டும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். அதுவும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக மிதக்கும். ஒவ்வொரு துகளையும் போர்த்தியிருக்கும் புரதமும் கொழுப்பும் எதிர்மின்னூட்டம் தாங்கியவை. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளும். மிக நெருங்கிவிட்டாலோ மூலக்கூறுகளின் ஈர்ப்பு பிடித்துக்கொள்ளும். தள்ளலின் கை ஓங்கியிருக்கும்வரைதான் பால் பாலாக இருக்கும். நேரம் ஆக ஆகக் கிருமிகள் பெருகி அமிலம் சேரும், மின்னூட்டம் குறையும், மங்கிலேயே கட்டிப்பால் ஆகிவிடும். அதைத் தள்ளிப்போடத்தான் அமோனியா.

ஸ்டோரில் வேலை தலைகீழ். தண்ணீர் கலந்த பாலில் பார்மிக் அமிலத்தை ஊற்றிக் கலக்குவார்கள். பிஎச் அளவு 5-ஐ ஒட்டிக் கீழே இறங்கும்போது துகளின் மின்னூட்டம் சுழியமாகும், ஈர்ப்பு ஜெயிக்கும், பால் கட்டும். வேடிக்கை என்னவென்றால், அமிலத்தை அளவு மீறி ஒரேயடியாகக் கொட்டினால் பால் கட்டாமலே நின்றுவிடக்கூடும். மின்னூட்டம் சுழியத்தைத் தாண்டி நேர்ப்பக்கம் போய், துகள்கள் மறுபடி தள்ளத் தொடங்கிவிடும். கணக்கில் தேடிய சமநிலைப் புள்ளியைவிட இது எனக்குப் பெரிய அதிசயம்.

பத்தாங் பெர்ஜுந்தை அடங்கிய கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் இன்று கண்ணுக்கெட்டிய வரை செம்பனைதான். இருந்தாலும் சிறுதோட்டக்காரர்களிடம் பால் கிடைக்காமல் போகாது. இயற்பியல் ஆசிரியர்களே, கூலும் விதியைத் தொடங்கும் நாளில் ஒரு மங்கு பாலும் ஒரு குப்பி வினிகரும் வகுப்புக்கு எடுத்துப் போங்கள்.