பற்றும் வரவும்

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் விரும்பினால் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிமுகக் கணக்கியல் சொல்லித் தரலாம் என்று எங்கள் துறையில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. முதல் நாளே பெயர் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பாடத்தில் எனக்கு 'ஏ' கிடைத்திருந்தது. வாரம் இரண்டு மணி நேரம். மணிக்குக் கொஞ்சம் பணமும் உண்டு. தெரிந்ததைத்தானே சொல்லப் போகிறோம், இதில் என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

2025 அக்டோபரில் தொடங்கிய பருவம் அது. என் குழுவில் 18 பேர். மலாய்க்காரர்களும் சீனர்களுமே அதிகம், தமிழர் மூவர். யாரும் கணக்காளராகப் போகிறவர்கள் அல்லர். நிர்வாகம், சந்தைப்படுத்துதல் என்று வெவ்வேறு பிரிவினர். ஆனால் வணிகம் சார்ந்த எந்தப் பட்டத்துக்கும் இந்தப் பாடம் வாசற்படி போன்றது. தாண்டாமல் உள்ளே போக முடியாது.

முதல் வகுப்பிலேயே வெள்ளைப் பலகையில் இரண்டு வரிகள் எழுதினேன். சொத்தும் செலவும் கூடினால் டெபிட். பொறுப்பும் முதலும் வருமானமும் கூடினால் கிரெடிட். "இதை மனப்பாடம் செய்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பதினெட்டுப் பேரும் கைத்தொலைபேசியில் பலகையைப் படம் பிடித்துக்கொண்டார்கள். நல்ல ஆசிரியை என்ற நினைப்போடு அறைக்குத் திரும்பினேன்.

மூன்றாவது வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்து நின்றான். அவனும் தமிழ்ப்பள்ளியில் தொடங்கியவன். ஆறாம் படிவம் முடித்து வந்தவன்.

"அக்கா, பேங்க்ல காசு போட்டா 'கிரெடிட்'னு மெசேஜ் வருது. நீங்க காசு வந்தா 'டெபிட்'னு சொல்றீங்க. எதுக்கா சரி?"

"ரெண்டும் சரிதான் தம்பி. பேங்க்ல மாத்தி எழுதுவாங்க. நீ பலகையில இருக்கிறதை அப்படியே பாடமாக்கிக்கோ."

"தமிழ்ல கொஞ்சம் சொல்லுங்களேன் அக்கா. அப்பவாச்சும் புரியுதான்னு பாக்கிறேன்."

எனக்கு வாய் வரவில்லை. இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'இம்பாங்கான் டூகா' என்று படித்தேன். பல்கலைக்கழகத்தில் அதையே 'டிரையல் பேலன்ஸ்' என்று படித்தேன். நம் கழகத்தின் தமிழ் விழாவில் ஒலிவாங்கி பிடித்து நெறியாளராக நின்றவள் நான். அப்படிப்பட்டவளுக்கு டெபிட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் தெரியவில்லை! "நேரமாச்சு தம்பி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று நழுவினேன்.

அடுத்து வந்த சிறுதேர்வில் அவனுக்கு 20க்கு 4. அதன்பின் இரண்டு வாரம் அவன் வகுப்புக்கு வரவில்லை. அவன் அறைத்தோழனைக் கேட்டேன். பாடத்தைக் கைவிடுவதற்கான படிவத்தை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னான். "அவனுக்குக் கணக்கு மண்டையில ஏறாதாம் அக்கா. அவனே சொல்றான்."

மண்டையில் ஏறாது! இந்தச் சொல்லை நான் என்னைப் பற்றியே கேட்டிருக்கிறேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழியில் தேர்ச்சி போதவில்லை என்று 2016இல் என்னைப் புகுமுக வகுப்பில் உட்கார வைத்தார்கள். தோழிகள் முதலாம் படிவத்துக்குப் போக, நான் ஓராண்டு பின்தங்கினேன். அந்த ஆண்டு நான் முட்டாளாக இல்லை. சொல்லிக் கொடுத்தவர் பேசிய மொழி எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதை மறந்துவிட்டு, அன்று எனக்கு நடந்ததையே நான் இன்னொருவனுக்குச் செய்திருக்கிறேன்.

அந்த வார இறுதியில் சுங்கை சிப்புட்டுக்குப் பேருந்தேறினேன். தாமான் முனையில் அப்பா ஒரு மளிகைக்கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை மாலை கூட்டம் ஓய்ந்த பிறகு கல்லா அருகில் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒரு 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். நம் நாட்டில் அதைத் தெரியாதவர்கள் இருக்கிறார்களா? உள்ளங்கையில் அடங்கும், அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும் கடன் புத்தகம். குடும்பத்துக்கு ஒன்று. சின்ன வயதில் நான் அவற்றை அடுக்கி வீடு கட்டி விளையாடியிருக்கிறேன். அன்றுதான் உள்ளே எழுதியிருப்பதைப் படித்தேன்.

ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் இடப்பக்கம் 'ப', வலப்பக்கம் 'வ'. 'ப'வின் கீழ் அரிசி, மைலோ, சார்டின் டின். 'வ'வின் கீழ் 50, 30.

"இது என்னாப்பா?"

"பற்று, வரவு. அவங்க பற்றிக்கிட்டுப் போனது இந்தப் பக்கம். அவங்ககிட்டேருந்து வந்தது அந்தப் பக்கம்."

"காசு நமக்குத்தானே வருது? அவங்க பக்கத்துல ஏன் வரவுன்னு போடுறீங்க?"

அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இது யாரோட ஏடு? அவரோடது. அவர் ஏட்டுல அவர் செஞ்சதைத்தான் எழுதணும். நம்ம கல்லாவுக்கு வேற நோட்டு இருக்கு. பல்கலைக்கழகத்துல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?"

அப்பா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை மட்டும் படித்தவர். பதினான்கு வயதில் ஈப்போவில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்த கணக்கப்பிள்ளையிடம் கற்றுக்கொண்டது இது. எனக்கு வெட்கமாக இருந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் நான்காம் படிவம். பள்ளி மூடியிருந்தது, மளிகைக்கடை திறந்திருந்தது. இதே கல்லா அருகில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில்தான் கணக்கியல் பாடம் படித்தேன். ஒரு முழத் தூரத்தில் அப்பா எழுதிக்கொண்டிருந்ததும் நான் படித்ததும் ஒன்றுதான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

'யாருடைய ஏடு' என்று கேட்டவுடன் தம்பியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி, வங்கியின் பேரேட்டில் நம் பக்கத்தைப் பார்த்து எழுதியது. நாம் போட்ட பணம் அவர்களுக்கு நம்மிடமிருந்து வந்தது. எனவே நம் பக்கத்தில் வரவு, கிரெடிட். நம் ஏட்டிலோ, அதே பணத்தை வங்கி பற்றிக்கொண்டது. எனவே வங்கியின் பக்கத்தில் பற்று, டெபிட். யாரும் எதையும் மாற்றி எழுதவில்லை. நான்தான் தெரியாததைத் தெரிந்தது போல் சொல்லியிருக்கிறேன்.

பிறகு நூலகத்தில் தேடியபோது இன்னொன்றும் தெரிந்தது. இரட்டைப் பதிவு முறையை முதன்முதலாக அச்சுநூலில் விளக்கியவர் லூக்கா பாச்சோலி. வெனிஸ் நகரில் நூல் வெளிவந்த ஆண்டு 1494. அவர் ஒரு துறவி, கணித ஆசிரியர். அறிஞர்கள் லத்தீனில் எழுதிய காலத்தில் அவர் மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதினார். அன்றைய வெனிஸ் வணிகர்களின் பேரேட்டில் ஒரு பக்கம் 'அவர் தரவேண்டும்' என்றும் மறுபக்கம் 'அவருக்கு வரவேண்டும்' என்றும் இருக்கும். சுங்கை சிப்புட்டில் 'ப', 'வ'. கணக்கியல் பாடநூல் தாய்மொழியில்தான் பிறந்திருக்கிறது என்று அறிந்தபோது என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை தம்பியை உணவகத்துக்கு வரச் சொன்னேன். படிவம் அவன் பையில்தான் இருந்தது. முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அப்பாவிடம் வாங்கி வந்த பழைய 555 ஒன்றைத் திறந்து வைத்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "அப்போ பேங்க் நம்மள கடன் கொடுத்தவனா எழுதுதா அக்கா?" என்று அவனே கேட்டான். ஆமாம் தம்பி, அதேதான். நான் மூன்று ஆண்டு படித்தும் அப்படிச் சொல்லிப் பார்த்ததில்லை.

அந்த வாரம் பதினெட்டு 555 புத்தகங்கள் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பையிலிருந்து எடுத்ததும் பின்வரிசை மலாய் மாணவி "புக்கு தீகா லீமா!" என்று கத்தினாள். அவள் கம்பத்துக் கடையிலும் அதுதானாம். சந்தையில் காய்கறி விற்கும் தன் பாட்டியிடமும் இருப்பதாக ஒரு சீன மாணவன் சொன்னான். பாதிப் பேரைக் கடைக்காரராக்கினேன். மீதிப் பேரை வாடிக்கையாளராக்கினேன். கல்லாப்பெட்டியை ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். பெட்டி பணத்தைப் பற்றிக்கொண்டால் பெட்டிக்குப் பற்று. பெட்டியிலிருந்து பணம் வந்தால் பெட்டியில் வரவு. வாடகையும் ஓர் ஆள்தான், மாதம் தவறாமல் வந்து வாங்கிக்கொண்டு போகிறவர். அன்று அந்தக் குளிரூட்டி அறையில் இருந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு விரிவுரையாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

எல்லாம் இப்படியே ஓடியது என்று எழுத ஆசைதான். ஆனால் தேய்மானப் பாடத்தில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். கடை வேன் பழசாகிறது. இதில் யார் யாரிடம் எதைப் பற்றிக்கொண்டார்? நான் ஏதோ ஜோடித்துச் சொல்லப் போக, நன்றாகப் புரிந்திருந்தவர்களும் குழம்பினார்கள். கடைசியில் அந்த இரண்டு வரிகளைத்தான் மறுபடியும் பலகையில் எழுத வேண்டியிருந்தது. இம்முறை அதை ஒளிக்கவில்லை. "ஆளை வைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, இந்த இடத்தில் விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். தம்பி படிவத்தைக் கொடுக்கவில்லை. பருவ முடிவில் அவனுக்கு 'பி மைனஸ்' கிடைத்தது. குறுஞ்செய்தியில் 'அக்கா, வரவு வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தான்.

பதினோராவது வாரம் நடத்திய பாடம்தான் என்னை விடவில்லை. வாராக்கடன். ஒருவர் கட்டமாட்டார் என்று உறுதியானால், அவர் கணக்கில் அந்தத் தொகையை வரவு வைத்து மூடிவிட்டு, வாராக்கடன் என்று செலவில் பற்று எழுத வேண்டும். வகுப்பில் மளமளவென்று சொல்லிக் கொடுத்தேன். பருவ விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் கல்லாவுக்குக் கீழே ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்த பழைய புத்தகங்களை எடுத்தேன். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வேலை இழந்த குடும்பங்கள் வாங்கிய கடன் அது. பதினொரு புத்தகம். கூட்டிப் பார்த்தேன், 7,460 வெள்ளி வந்தது. அந்த ஆண்டு எனக்கு மடிக்கணினி வாங்கப் பணமில்லை என்று அப்பா சொன்னதும், நான் இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் நினைவுக்கு வந்தன.

"அப்பா, சட்டப்படி கடனை ஆறு வருசத்துக்குள்ள கேட்கணும். 1953ஆம் வருசத்துச் சட்டம். இடையில கொஞ்சம் கட்டினாலோ எழுத்துல ஒத்துக்கிட்டாலோதான் அந்தக் காலம் புதுசாத் தொடங்கும். இதுல பாதி இந்த ஏப்ரல், மே மாசத்தோட முடிஞ்சிடும். வழக்குப் போட வேணாம், கணக்கையாவது மூடிடலாம்."

"எப்படி மூடுறது?"

"அவங்க பக்கத்துல மிச்சத்தை வரவு வச்சுட்டு..."

"வராத காசுக்கு வரவு எழுதச் சொல்றியா?"

இதற்கு ஐந்து மதிப்பெண் விடை எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். கடையில் அது வாய்க்கு வரவில்லை. அப்பா எட்டாவது புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். 2020 மே மாதத்தோடு பற்று நின்றிருந்தது. அதன்பின் வலப்பக்கத்தில் 2023இல் ஒரு 20, சென்ற ஆண்டு இன்னொரு 20.

"அடிச்சுப் போட்டிருந்தா, இவரு வந்தப்ப நான் எதைப் பாத்து வாங்கியிருப்பேன்?"

கூட்டுத்தொகையை ஒரு தனித்தாளில் எழுதி, தேதி போட்டு, முதல் புத்தகத்துக்குள் செருகினேன். எந்தப் பக்கத்திலும் கோடு போடவில்லை. அப்பா ரப்பர் வளையத்தை மாட்டிக் கல்லாவுக்குக் கீழே வைத்தார். பெரிய கடைத்தெருவுக்குப் போனால் 555 ஒரு டஜன் வாங்கி வா என்று பத்து வெள்ளித் தாளை நீட்டினார்.