அல்அஸ்ஹரின் மிம்பர்

சகோதரிகளே, எகிப்தின் தலைநகர் கெய்ரோவுக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், பழைய நகரிலுள்ள அல்அஸ்ஹர் பள்ளிவாசலைப் பாராது திரும்பி விடாதீர்கள். அதன் பிரதான வாயிலுக்கு 'நாவிதர் வாயில்' என்று பெயர். முற்காலத்தில் மாணவர்கள் அங்குதான் தலைமயிர் களைந்து கொள்வார்களாம். பாதணிகளைக் கழற்றி உள்ளே சென்றால் வெண்பளிங்கு முற்றமும், தூண்கள் நிறைந்த தொழுகை மண்டபமும் உங்களை வரவேற்கும்.

அங்கே சற்று அமர்ந்து மிம்பரை நோக்குங்கள். ஜும்ஆ குத்பாவில் எவர் பெயர் சொல்லப்படுகிறதோ அவரே ஆட்சியாளர் என்பது அக்கால வழக்கம். எனவே, ஆட்சிக்கு வந்தோர் யாவரும் மிம்பரில் கண் வைத்தனர். ஷீஆக்களான பாத்திமிய்யர் இப்பள்ளியை 972இல் கட்டி முடித்தனர். 1171இல் அவர்களது ஆட்சியை முடித்த ஸலாஹுத்தீன் ஐயூபி இங்கு ஜும்ஆவையே நிறுத்திவிட்டார். ஏறத்தாழ 95 ஆண்டுகளின் பின், 1266இல் சுல்தான் பைபர்ஸ் அதனை மீண்டும் தொடக்கி வைத்தார். 1956இல் சூயஸ் போரின்போது ஜனாதிபதி அப்துந் நாஸிரும் இங்கு நின்றே மக்களுக்கு உரையாற்றினார்.

அல்அஸ்ஹரின் உலமாக்களையும் மாணவர்களையும் நெடுங்காலம் தாங்கி நின்றவை வக்பு சொத்துக்களே. அவை படிப்படியாக அரசின் கைக்குப் போயின. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அல்அஸ்ஹரை அரசின் பிடிக்குள் இன்னும் இறுக்கியது. ஆனால், சகோதரிகளே, பெண்பிள்ளைகளுக்கு அல்அஸ்ஹர் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்ததும் அதே சட்டம்தான்! அரசு தலையிட்டால் எல்லாம் கேடு என்றோ, எல்லாம் நன்மை என்றோ ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல முடியுமா? 2014ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஷெய்குல் அஸ்ஹரைப் பதவி நீக்க முடியாது என்று கூறுகிறது. உலமாக்கள் சுதந்திரமாகப் பேச வேண்டும் என்ற கேள்வி இன்றும் அங்கு உயிரோடிருப்பதையே இது காட்டுகிறது.

நமது நாட்டுக்கும் இதில் பங்குண்டு. இங்கு கல்வி கற்ற ஒராபி பாஷா, ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று, 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். நம்மவரின் கல்விக்கு ஊக்கமளித்த அவர், 1892இல் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரி உருவாகவும் துணை நின்றார். ஆட்சியையும் படையையும் இழந்து வந்தவர். கற்ற கல்வியை மட்டும் எவராலும் பறிக்க முடியவில்லை.

உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.